இட்லிப்பூச் செடி மஞ்சளானால் யூரியாவைத் தொடாதீர்கள்

வேளச்சேரியில் ஒரு வீடு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வரிசையாக இருபது இட்லிப்பூச் செடிகள். "மூணு தடவை யூரியா போட்டாச்சு சார், இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். நுனியிலிருந்து ஒரு கொழுந்து இலையைப் பறித்து அவர் கையில் கொடுத்தேன். நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அடியில் இருந்த முற்றிய இலைகளோ நல்ல கரும்பச்சை.

யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் முதலில் வெளுப்பது அடி இலைதான். கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. இட்லிப்பூ காபிச் செடியின் குடும்பம், அமில மண்ணில்தான் சுகமாக வளரும். மண் காரமாகிவிட்டால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேருக்கு எட்டாது. சங்கப் பாட்டில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சி இதுதான். காட்டில் தானாக வளர்ந்தது நம் வீட்டுச் சுவரோரம் திணறுகிறது.

சுவரோரத்தைக் கொத்தினேன். சிமெண்ட் கட்டி, உடைந்த செங்கல், காரை. ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், மண்ணைக் காரமாக்குவது அதுதான். அப்புறம் அவர் பெருமையாக ஒரு குழாயைக் காட்டினார். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர், தினமும் செடிக்கு! போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் செறிந்து வரும் தண்ணீர் அது. பாத்ரூம் கழுவலாம், செடிக்கு வேண்டாம். ஏசியில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிடையாது.

மருந்து மலிவுதான். உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) என்று கேளுங்கள். இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், துருநிறமாக மாறியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி. வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்க வேண்டும், 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் 10 கிராம் போட்டு உச்சி வெயிலில் அடித்து ஒருவருடைய செடியைக் கருக்கியிருக்கிறேன். டைல்ஸில் பட்ட துருக்கறை போகவே இல்லை, அதற்கு வாங்கிய திட்டு தனி.

சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியைக் கொட்டினால் சில நாளில் வீண். மண்ணுக்கே கொடுப்பதானால் ஈடிடிஎச்ஏ (EDDHA) இரும்பு வாங்குங்கள், கார மண்ணிலும் வேருக்கு எட்டும்படி நிற்கும் இரும்பு அது, விலை கூடத்தான். பாக்கெட்டில் ஈடிடிஏ (EDTA) என்று இருந்தால் அது வேறு, கார மண்ணில் தாங்காது.

சரி, கத்தரிப்பு. பூங்கொத்து வருவது கிளை நுனியில். மாதாமாதம் பெட்டி மாதிரி வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டெல்லாம் குப்பைக்குத்தான் போகும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள், போதும்.

வேளச்சேரி வீட்டில் மூன்றாவது தெளிப்புக்குப் போனபோது புதுக்கொழுந்து பச்சையாக வந்திருந்தது. ஆர்ஓ குழாயை மட்டும் செம்பருத்திப் பக்கம் திருப்பி விட்டிருந்தார்.