கிறிஸ்மஸா, கிறித்துமசா, நத்தாரா: சரியான தமிழ்ச் சொல் எது?

டிசம்பர் பிறந்தால் பினாங்கில் என்னிடம் வந்து சேரும் கேள்வி இது. திறந்த இல்ல உபசரிப்புக்குப் பதாகை அடிப்பவர்கள் கேட்பார்கள், வாழ்த்து அட்டை எழுதும் பிள்ளைகளும் கேட்பார்கள். போன வருடம் எங்கள் வரிசை வீடுகளில் எல்லாரும் சேர்ந்து விருந்து வைத்தபோது, பதாகையில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆச்சி எட்டிப் பார்த்து, "உதுக்கு ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள், நத்தார் எண்டு எழுதுங்கோவன்" என்றார். இளையவர்கள் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே புதிது. எனக்கு அது உண்மையில் வருத்தமாக இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிறிஸ்மஸ். இதில் பிறப்பு என்ற பொருள் எங்குமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கிறிஸ்துவின் பூசை' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டி வந்த பெயர் இது. 1038-ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுத்தில் கிடைக்கிறது. கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் அல்ல, பட்டம். எண்ணெய் பூசி அருள்பொழிவு செய்யப்பட்டவர் என்பதற்கான கிரேக்கச் சொல், எபிரேய மொழியின் மெசியா என்பதன் மொழிபெயர்ப்பு. (எக்ஸ்மஸ் என்று சுருக்கி எழுதினால் கிறிஸ்துவை வெட்டிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் வேண்டாம், கிரேக்கத்தில் கிறிஸ்து என்பதன் முதல் எழுத்து பார்வைக்கு எக்ஸ் போலத்தான் இருக்கும்.) பின்பாதியான 'மஸ்' இலத்தீன் 'மிஸ்ஸா'விலிருந்து வந்தது. வழிபாட்டின் முடிவில் குருவானவர் மக்களை அனுப்பிவைக்கச் சொல்லும் வாக்கியத்தில் இந்தச் சொல் வரும், அதுவே நாளடைவில் முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது. அதைத்தான் நம் கத்தோலிக்கப் பெரியவர்கள் பூசை என்கிறார்கள், இப்போது ஏட்டில் திருப்பலி.

இந்த 'மஸ்' இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ்காரர்களைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலுக்குப் போவார்கள். ஸ்பானியர் வழியாக அதற்கு வந்த பெயர் சேவல் பூசை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அதே பெயர் நள்ளிரவுப் பூசையைக் குறிக்கும். சேவல் கூவும் நேரத்துப் பூசை! நம் ஊரிலும் ஒரு காலத்தில் சாமத்துக் கோழி கூவித்தானே எழுந்தார்கள்.

சரி, நத்தாருக்கு வருவோம். போர்த்துக்கீச மொழியில் இந்தப் பண்டிகைக்கு நத்தால் என்று பெயர். பிறப்புக்குரியது என்ற பொருள் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர், 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தையே ஆண்டார்கள். அந்தக் காலத்துத் தொடர்பில் நத்தால் தமிழ் வாயில் நத்தார் ஆனது, சிங்களத்திலும் அதே வேர்தான். பிறகு மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அந்தச் சொல்லையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அது வெளிச்சொல் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் எங்கிருந்து வந்தன? எல்லாமே போர்த்துக்கீசர் விட்டுப்போனவைதான். சாவியை விட்டுவிட்டு நத்தாரை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

இந்த நத்தால் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். 1497 கிறிஸ்மஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையைக் கடந்தபோது அந்தக் கரைக்கு நேட்டால் என்று பெயர் வைத்தார். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய நேட்டால் அதேதான். தங்கள் ஊர்ப் பெயருக்குள் ஒரு பண்டிகை இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கே பக்கத்திலும் உண்டு. இந்தோனேசியாவில் இந்த நாள் நத்தால், ஆனால் ஆங்கிலேயர் ஆண்ட நம் மலேசியாவில் மலாய்க்காரர்கள் கிரிஸ்மஸ் என்கிறார்கள். ஒரே மொழி, கடல் கடந்து வந்தவர்கள் மாறினால் பண்டிகைப் பெயரும் மாறுகிறது. மலாக்காவில் போர்த்துக்கீச வழிவந்த யூரேசியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) 'போங் நத்தால்' என்று வாழ்த்துவார்கள், மறுநாள் மிச்சமிருக்கும் இறைச்சியைப் போட்டு, கடுகும் புளிப்பும் காரமுமாக 'டெவில்' கறி சமைப்பார்கள். பினாங்கிலும் அந்த வழியினர் 1786-லிருந்தே இருக்கிறார்கள், புலாவ் தீக்குஸ் பக்கம் அவர்களுடைய பழைய இடம். நம் முறுக்குத் தட்டும் அவர்கள் கறிப் பாத்திரமும் தெருவைக் கடந்து மாறி மாறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சீனர்கள் சொல்லும் 'ஷெங் தான்' என்பதற்குப் பொருள் புனிதப் பிறப்பு. ஜெர்மானியர் புனித இரவுகள் என்பார்கள், அவர்களுக்குப் பரிசு கொடுப்பதெல்லாம் 24-ஆம் தேதி மாலையிலேயே முடிந்துவிடும். சுவீடன், நார்வே பக்கம் யூல் என்ற சொல், அது கிறிஸ்தவத்துக்கு முந்திய பனிக்காலத் திருவிழாவின் பெயர், புது விழாவுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். தேதியும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ரோமில் 336-ஆம் ஆண்டிலேயே டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்குக் குறிப்பு இருக்கிறது. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்யர்களுக்கு அதே நாள் இப்போது சனவரி 7-இல் விழுகிறது. ஆர்மீனியர்கள் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து சனவரி 6-இல் கொண்டாடுவார்கள். ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் தெருவில் படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பெயர் அவர்களுடையதுதான். அவர்களுடைய கோயில் இப்போது இல்லை.

அப்போ தமிழில் என்ன எழுதுவது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கிறிஸ்து பூசை' என்று வரும், அப்படி யாரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். நம் கோயில்களில் வழங்கும் 'கிறிஸ்து பிறப்பு விழா' ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பே அல்ல, பொருளில் அது நத்தாருக்கும் ஷெங் தானுக்கும்தான் உறவு. எனக்கு அது மிகவும் பிடித்த பெயர், கேட்டவுடனே யார் பிறந்தார் என்று குழந்தைக்கும் புரியும். கிரந்த எழுத்து வேண்டாதவர்கள் 'கிறித்து பிறப்பு விழா' என்று எழுதலாம். ஆனால் 'கிறித்துமசு' வேண்டாமே! எழுத்தை மட்டும் தமிழாக்கிவிட்டு, பொருள் தெரியாத 'மசு'வை அப்படியே வைத்திருக்கிறோம். பேச்சில் கிறிஸ்மஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

பதாகையில் பெரிதாகக் கிறிஸ்து பிறப்பு விழா என்றும், அதன் கீழே நத்தார் வாழ்த்துகள் என்றும் அடித்தோம். விருந்துக்கு வந்த பிள்ளைகள் நத்தார் என்றால் யார், கிறிஸ்மஸ் தாத்தாவின் பெயரா என்று கேட்க, ஆச்சி அவர்களை உட்காரவைத்து யாழ்ப்பாணத்தில் தன் அம்மா நத்தாருக்குப் பலகாரம் சுட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.