தயிர் மீண்டும் பாலாகுமா?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவிக் கரையில் பழைய பைபர் தோணி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. மேல்பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தொட்டால் கை நெடுநேரம் அரிக்கும். அதுதான் கண்ணாடி இழை. மரத்தோணி பழுதானால் அடுப்புக்காவது போகும். இதை எரித்தால் கரும்புகை கிளம்பும், கண்ணாடி அப்படியே மிஞ்சும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் பெருகிய பைபர் தோணிகளுக்கு இப்போது வயதாகிறது.

களிமண்ணில் வைக்கோலை மிதித்துச் சுவர் வைத்தவர்களுக்கு இந்தக் கலவைப் பொருள் புதிதல்ல. வைக்கோல் இழுவையைத் தாங்கும், மண் அதைச் சேர்த்துப் பிடிக்கும். தோணியில் வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை, மண்ணுக்குப் பதில் ரெசின் என்ற பிசின். மண்சுவரோ மழையில் கரைந்து மறுபடி மண்ணாகும்.

ரெசின் ஏன் கரைவதில்லை? அதில் இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து கொஞ்ச நேரம் விட்டால் டின் சுடத் தொடங்கும். நீண்ட பொலியெஸ்டர் சங்கிலிகளுக்குக் குறுக்கே ஸ்டைரீன் மூலக்கூறுகள் முடிச்சுப் போடுகின்றன. அந்த முடிச்சுகள் விழும்போது வெளிவரும் வெப்பம்தான் அது. கடைசியில் எல்லாம் ஒரே வலையாகிவிடும். உறைந்த நெய்யை உருக்கலாம். முட்டியில் உறைந்த எருமைத் தயிரைச் சூடாக்கினால் பாலாகுமா? ரெசினும் தயிர் மாதிரித்தான். சூடு கூடினால் உருகாது, கருகும்.

கண்ணாடிக்குப் பதில் தென்னந்தும்பைப் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தும்பு ஈரம் இழுக்கும், கண்ணாடியின் விறைப்பும் அதற்கு இல்லை. அதைவிட, ரெசின் பழையதாகவே இருந்தால் சிக்கலும் அப்படியே இருக்கும். ஆகவே மாற வேண்டியது முடிச்சு.

2011இல் பிரான்சில் லுட்விக் லைப்லரின் குழு அப்படியொரு பொருளைச் செய்து காட்டியது. அதற்கு விட்ரிமர் என்று பெயர். சூடாக்கினால் ஒரு முடிச்சு அவிழும் இடத்தில் இன்னொன்று விழும். எண்ணிக்கை குறையாததால் வலை அறுந்துபோகாது. ஆனாலும் மெல்ல இளகி, வேறு வடிவம் எடுக்கும். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இன்னொரு வழி, அவிழ்க்கக்கூடிய முடிச்சை முதலிலேயே போட்டுவிடுவது. சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய காற்றாலை இறக்கை அந்த வகை; தோணியைப் போல அதுவும் இழையும் ரெசினும் சேர்ந்ததுதான். சூடான மென்மையான அமிலக் கரைசலில் போட்டால் ரெசின் கரைந்து பிரிய, இழை தனியாக மிஞ்சும். 2022இல் ஜெர்மனியின் காஸ்காசி கடற்காற்றாலைகளில் அவற்றைப் பொருத்தினார்கள்.

கல்லடித் தோணியின் ரெசின் வலையில் அப்படி அவிழும் முடிச்சு இல்லை. அதை நொறுக்கிச் சீமெந்துச் சூளையில் போடலாம்: ரெசின் எரிபொருளாகும், கண்ணாடியின் சிலிக்கா சீமெந்தோடு சேரும். ஜெர்மனியில் பழைய காற்றாலை இறக்கைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். இழை இழையாகத் திரும்பக் கிடைக்காது, ஆனாலும் கரையில் வெயிலில் உதிர்ந்து வாவியில் கலப்பதைவிட அது எவ்வளவோ மேல்.