புதிய மாடல் வந்துவிட்டது என்பதால் உங்கள் மணிக்கூடு பழுதாகிவிடாது

சென்ற வாரம் சுன்னாகத்திலிருந்து ஓர் அம்மா யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் எமது கடைக்கு வந்து, கைப்பையிலிருந்து ஓர் அப்பிள் வோச்சை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இது பழசாப் போச்சாம். புதுசு வந்திட்டுதாம். இனி இது நெஞ்சுத் துடிப்பைப் பிழையாய்த்தான் காட்டுமாம். மகள் கனடாவில இருந்து வேற ஒண்டு அனுப்பிறன் எண்டு சொல்லுறா. இதை என்ன விலைக்கு எடுப்பியள்?" என்று கேட்டார். அது 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் தொடர் (Series 6). பின்புறக் கண்ணாடியில் சவர்க்காரமும் வியர்வையும் சேர்ந்து வெண்படலமாகப் படிந்திருந்தன; பட்டி தளர்ந்து, மணிக்கூடு முழங்கைப் பக்கமாக நழுவும் அளவில் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, பட்டியை ஒரு துளை இறுக்கி, அவருடைய கையிலேயே கட்டிவிட்டு, மற்றக் கையில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். எனக்கு 75 வந்தது. மணிக்கூடு 74 என்று காட்டியது.

இந்தக் கதையோடு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும், அப்பிளின் புதிய மாடல் வெளிவரும் செப்டெம்பர் பிறந்ததும் கூடிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சலித்துப்போனதால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தவறான எண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். புதிய மாடல் ஒன்று அமெரிக்காவில் அறிவிக்கப்படும் நாளில், உங்கள் கையிலிருக்கும் மணிக்கூட்டுக்குள் எதுவும் மாறுவதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, குருதி ஓட்டத்துக்கேற்பத் திரும்பிவரும் ஒளி கூடிக் குறைவதை அளக்கின்ற சிறு கண் அது. அந்தக் கண்ணுக்கு இது எந்த ஆண்டு என்று தெரியாது. மருந்துக் குப்பிக்கும் பால்மாப் பெட்டிக்கும் காலாவதித் திகதி உண்டு. இதற்கு அப்படி ஒன்று கிடையாது. அளவு பிழைத்தால் பட்டி தளர்ந்திருக்கும், கண்ணாடியில் அழுக்கு ஏறியிருக்கும், மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டியிருப்பீர்கள், கையை வேகமாக ஆட்டும் வேலையில் இருந்திருப்பீர்கள், அல்லது பச்சை குத்திய தோலின் மேல் அது கிடந்திருக்கும். புதிய மணிக்கூடு இவற்றில் ஒன்றையும் தீர்த்துவைக்காது. புதியதையும் தளர்வாகக் கட்டினால் புதியதும் பிழையாகவே காட்டும். வங்கியில் பணிபுரிகிறவர்களும், விஞ்ஞானம் கற்பிக்கிற ஆசிரியர்களும் கூட "ஐந்து வருசமாகிவிட்டது, இனி இதை நம்பலாமா?" என்று கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வெதும்புகிறது. நம்பலாம். துடைத்துக் கட்டுங்கள், நாடி பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

ஆனால் பிழை மக்களிடம் மட்டும் இல்லை. ஆண்டுக்கொரு மாடல் வெளியிடும் நிறுவனங்கள்தான் இந்த எண்ணத்தை வளர்க்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய மாடல் வந்தால் போதும் என்பதே என் நிலைப்பாடு. அதற்குச் சான்று அவர்களுடைய வரலாற்றிலேயே இருக்கிறது. அப்பிளின் முதல் மணிக்கூடு 2015 ஏப்ரலில் வந்தது. 38, 42 மில்லிமீற்றராக இருந்த உடலளவுகள் 2018 இல் 40, 44 ஆகின. 2021 இல் 41, 45 ஆகின. 2024 இல் 42, 46 ஆகின. அதாவது, ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒரு தொடர் எண் கூடினாலும், உடல் உண்மையில் மாறியது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டு மாடல்களிலும் உள்ளிருந்து கணக்கிடும் செயலி (processor) ஏறக்குறைய ஒன்றே. சாம்சுங் 2021 இல் வெளியிட்ட கலக்ஸி வோச் 4 இலும், அடுத்த ஆண்டு வந்த வோச் 5 இலும் பெயர் முதற்கொண்டு ஒரே செயலிதான் இருந்தது. உடலை அளக்கும் உணரிகளைப் பார்த்தாலும், அப்பிளில் இதய மின்வரைபு (ECG) 2018 இலும், குருதி ஒட்சிசன் அளவு 2020 இலும், உடல் வெப்பநிலை 2022 இலும்தான் சேர்ந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்தவற்றில் வெளிச்சம் கூடிய திரையும் புதிய நிறமுமே பெரிதும் விளம்பரமாகின.

ஆண்டுதோறும் புதிதாக ஏதும் காட்டாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சில கடைக்காரர்கள் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். கார்மின் நிறுவனத்தின் பீனிக்ஸ் மணிக்கூட்டு வரிசையை எடுத்துப் பாருங்கள்: ஐந்தாவது 2017 இல், ஆறாவது 2019 இல், ஏழாவது 2022 இல், எட்டாவது 2024 இல் வந்தது. இரண்டு, இரண்டரை ஆண்டு இடைவெளி விட்டும் அந்த நிறுவனம் நன்றாகவே நடக்கிறது.

திருத்துகிறவன் என்ற வகையில் என்னை அதிகம் வருத்துவது உதிரிப்பாகம். அப்பிள் தன் மணிக்கூட்டுப் பற்றரி 1000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 வீதக் கொள்ளளவைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்று கணக்கிட்டால் அது இரண்டே முக்கால் ஆண்டு. ஆகவே மணிக்கூடு ஒன்று முதன்முதலாக எங்கள் மேசைக்கு வரவேண்டிய வயது மூன்றாம் ஆண்டு. அந்த வயதில் ஒரு பற்றரியும் ஒரு புதிய பசை வளையமும் போட்டுவிட்டால் இன்னும் மூன்று ஆண்டு ஓடும். ஆனால் அதற்குள் மேலும் மூன்று மாடல்கள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு, ஒவ்வோர் அளவுக்கும் தனிப் பற்றரி, தனித் திரை. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கடை இவற்றையெல்லாம் வாங்கி அடுக்கிவைக்க முடியுமா? கொழும்பிலேயே கிடைப்பதில்லை. 2022 இல் டொலர் இரு நூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறிய மாதங்களில், பற்றரி ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் செலவைச் சொல்லவே எனக்கு நா எழவில்லை. நல்ல திரையும் நல்ல உணரியும் உள்ள மணிக்கூடுகளை மக்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். பற்றரி இல்லாமல் ஓடும் பழைய சீக்கோ 5 மணிக்கூட்டைக் கட்டியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அதிலிருந்த 7எஸ்26 என்ற இயந்திரம் 1996 இல் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தியில் இருந்தது. ஒன்றில் தேய்ந்த சக்கரத்துக்கு இன்னொன்றின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு இன்றும் ஓடவைக்கிறோம். மின்னணுப் பொருள் அவ்வளவு காலம் நிற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று ஆண்டு ஒரே பற்றரி, ஒரே திரை என்று இருந்தால், அந்த இரண்டு பெட்டியை என்னாலும் வாங்கிவைக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் 2022 இல் வெளியிட்ட தன் முதல் பிக்சல் வோச்சுக்கு மூன்று ஆண்டு இற்றைப்படுத்தல்களும், சாம்சுங் தன் வோச் 4 க்கு நான்கு ஆண்டும் வாக்களித்தன. அப்பிளின் மூன்றாம் தொடர் 2022 செப்டெம்பர் வரை விற்பனையில் இருந்தது. அதே மாதம் வந்த புதிய இயங்குதளம் அதற்குக் கிடைக்கவில்லை. இடையறாது மாடல்களைப் பெருக்கிவிட்டு, பெருக்கியவற்றைப் பராமரிக்க ஆளில்லை என்று கைவிடுவது எந்த நியாயம்? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிப்பாகமும் ஐந்து ஆண்டு மென்பொருளும் கொடுக்கவேண்டும் என்று கைப்பேசிகளுக்கு விதித்திருக்கிறது. மணிக்கூடுகள் அந்த விதிக்குள் வரவில்லை. வரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புதுமை காட்டியே ஆகவேண்டும் என்ற ஓட்டத்தின் மிக மோசமான விளைவு, ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் என்று சொல்லி விற்கப்படும் மலிவு மணிக்கூடுகள். அப்படி அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரி 21 அன்று எச்சரித்தது. நீரிழிவு இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் பார்க்கவேண்டும். அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், கைகூப்பிக் கேட்கிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். மணிக்கூடு வாங்குவதற்கு முன், இங்கே இருக்கிறவரின் கைப்பேசி என்ன என்று கேளுங்கள். அப்பிள் வோச் ஐபோன் இல்லாமல் இயங்கத் தொடங்காது. கலக்ஸி வோச் 4 முதல் வந்தவை ஐபோனோடு சேராது. நீங்கள் கட்டிய பழையதை அனுப்புவதானால் உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பூட்டோடு வந்துசேர்ந்தால் எங்களால் எதுவும் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. புதியது அனுப்பவேண்டும் என்று மனம் வந்தால், அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பழையதன் பற்றரிக்கு அனுப்புங்கள்.

கட்டுகிறவர்களுக்கு: கசூரினாக் கடற்கரையில் குளித்தால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள். ஐம்பது மீற்றர் என்று எழுதியிருப்பது புதிதாய் இருக்கும்போது செய்த சோதனை. திருத்துவதற்காக ஒரு தடவை திறந்த மணிக்கூட்டோடு நீந்தாதீர்கள். சார்ஜில் போட்டு வெயில் படும் யன்னலோரம் வைக்காதீர்கள்.

அந்த அம்மா வந்துபோன இரண்டாம் நாள், கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைலேஞ்சியில் மூன்று மணிக்கூடுகளை முடிந்து கொண்டுவந்தார். மூன்றும் மகன் ஆண்டுக்கொன்றாக அனுப்பியவை; கட்டுவது நான்காவதை. லாச்சிக்குள் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்ததில் இரண்டின் பற்றரி வீங்கி, பின்மூடி கிளம்பியிருந்தது. "சேர், இதை ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். "எறிய மனம் வரேல்லைத் தம்பி, மகன் அனுப்பினது" என்றார். மூன்றாவது இன்னும் நல்ல நிலையில் இருந்தது. அதை அவருடைய மனைவிக்கென்று சரிசெய்து கொடுத்தேன்.

உங்கள் லாச்சியிலும் இப்படி ஒன்று இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். நல்லதாய் இருந்தால் பாதியளவு சார்ஜ் ஏற்றி, அணைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். மூடி கிளம்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், அமத்தாதீர்கள், நீங்களாகத் திறக்காதீர்கள். வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது, கிணற்றடியில் புதைக்கவும் கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே விழுவது இலகுவில் கீழே இறங்கும், நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். எமது கடை வாசலில் மணல் நிரப்பிய தகர வாளி ஒன்று வைத்திருக்கிறோம். கொண்டுவந்து அதற்குள் போடுங்கள், காசு வாங்குவதில்லை.