மலை மேல இருக்கற ரன்வேல சின்ன விமானம் ஏன் திணறுது?

அமெரிக்காவுல கொலராடோ மலைப்பகுதியில லெட்வில்னு ஒரு ஊரு, அங்க இருக்கற ஏர்போர்ட் 9,934 அடி உயரம், வட அமெரிக்காவுலயே உயரமானது அதுதான். கோடையில ஒரு மத்தியானம் அங்க 20 டிகிரின்னு வைங்க. நமக்கு இதமாத்தான் இருக்கும், ஆனா அந்த உயரத்துக்கு ஸ்டாண்டர்ட் வெப்பநிலை, அதாவது விமானக் கணக்குக்கு அடிப்படையா வச்சிருக்கற வெப்பநிலை, மைனஸ் 5, சூடு கூடினா காத்து லேசாகும், அதனால அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டிகிரிக்கும் உயரத்தோட சுமார் 120 அடி சேர்த்துக்கணும், அப்ப 25 டிகிரிக்கு 3,000 அடி. விமானம் நிக்கறது 9,934 அடியில, இறக்கைக்கும் இன்ஜினுக்கும் கிடைக்கறதோ கிட்டத்தட்ட 13,000 அடி உயரத்துல இருக்கற மாதிரி லேசான காத்து. இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட்னு சொல்றாங்க.

அந்தக் காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். டர்போ (காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற கருவி) இல்லாத 160 குதிரைசக்தி இன்ஜின் சுமார் 100 தான் கொடுக்கும், அதுவும் மிக்ஸ்சரை லீன் பண்ணி எரிபொருளைக் குறைச்சாத்தான். ப்ரொப்பல்லருக்கும் பின்னாடி தள்ள காத்து கம்மி.

வேகத்துலதான் பலபேருக்கு குழப்பம். வேக மீட்டர்ல வழக்கம்போல 60 நாட் (விமான வேகத்தோட அளவு) காட்டும், நிஜத்துல விமானம் 73 நாட்ல போய்ட்டு இருக்கும், ஏன்னா மீட்டர் அளக்கறது காத்தோட அழுத்தத்தைத்தான். வேகம் 1.2 மடங்குன்னா இறங்கினப்புறம் ஓடுற தூரம் சுமார் ஒன்றரை மடங்கு, பள்ளத்தாக்குல திரும்பறதுக்கு வேணும்ங்கற இடமும் அதே ஒன்றரை மடங்கு.

எனக்கு இதுல ரொம்ப பயமா தெரியறது கிரவுண்ட் எஃபெக்ட்தான். தரையை ஒட்டிப் பறக்கும்போது இறக்கையோட இழுவை குறையும், அதனால சக்தி பத்தாத விமானம்கூட ரன்வேய விட்டு எழும்பிடும், பைலட் கிளம்பியாச்சுன்னு நினைப்பாரு, ஆனா இறக்கை நீளம் அளவு உயரத்தைத் தாண்டினதும் அந்த உதவி போயிடும், அதுக்கு மேல ஏறவே ஏறாது, எதிர்ல மலை. மூக்கைத் தூக்கினா இன்னும் மோசம், இழுவை கூடி ஸ்டால் ஆகிடும், அதாவது இறக்கையோட தூக்குவிசை போயிடும்.

அதான் காலையில சீக்கிரமே, குளிர் இருக்கும்போதே, காத்து கிளம்பறதுக்கு முன்னாடி, சுமையைக் குறைச்சுக்கிட்டு பறக்கறாங்க. நேபாளத்துல லுக்லா ரன்வே 527 மீட்டர்தான், ஆனா சுமார் 12 சதவீத சரிவு, மேல்நோக்கி இறங்கி கீழ்நோக்கிக் கிளம்புவாங்க, சரிவே பிரேக், சரிவே தள்ளுவிசை.

சமமான ரன்வேன்னா பைலட்டுங்க வச்சிருக்கற கணக்கு ஒண்ணு இருக்கு: பாதி ரன்வே வர்றதுக்குள்ள டேக்ஆஃப் வேகத்துல 70 சதவீதம் வரலைன்னா த்ராட்டிலை மூடி, அதாவது இன்ஜின் சக்தியைக் குறைச்சு, பிரேக் போட்டுடணும், மீதிப் பாதி நிக்கறதுக்கு.