அப்டேட் – இற்றைப்படுத்தல்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் என்ற ஊரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 72 வயது. கரண்ட் பில்லை மாதாமாதம் கைபேசியிலேயே கட்டிவிடுவார். கண்ணாடியைக்கூடத் தேட மாட்டார். திரையின் கீழே, வலது மூலையில் கட்டைவிரலை வைப்பார். பில் கட்டும் பொத்தான் அங்கேதான் இருந்தது. போன மாதம் அந்தச் செயலி அப்டேட் ஆனது. விரல் பழைய இடத்துக்கே போனது. அங்கே கடன் வாங்கச் சொல்லி ஒரு விளம்பரம். "கோத் புத்தோன்-லா ஃபின் ஆலே?" என்று எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். பொத்தான் எங்கே போச்சு? மேலே மூன்று கோடு போட்ட குறிக்குள் ஒளிந்திருந்தது. கட்டும் முறை மாறவில்லை. பொத்தான் மட்டும் இடம் மாறியிருந்தது.

இதற்கு அப்டேட் என்று பெயர் வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்தச் சொல்லின் பொருளே வேறு.

'டேட்' என்பதன் வேர் லத்தீன் 'டாட்டா'. 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்று ரோமர்கள் கடிதத்தில் குறிப்பார்கள். அந்தக் குறிப்பே பிறகு தேதிக்குப் பெயரானது. 'அப் டு டேட்' என்றால் இன்றைய தேதி வரை. பேரேட்டில் வரவு செலவெல்லாம் இன்று வரை ஏறிவிட்டதா என்று பார்ப்பதுபோல. மொரீஷியஸில் நாம் தினமும் பார்க்கும் பிரெஞ்சுச் சொல் 'மிஸ் அ ஜூர்'. 'ஜூர்' என்றால் நாள். நாளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் அதிலும் கருத்து.

தமிழில் இதே எண்ணத்தில் பிறந்தது 'இற்றைப்படுத்தல்'. அன்று என்பது அற்றை ஆவதுபோல, பண்டு என்பது பண்டை ஆவதுபோல, இன்று என்பது இற்றை ஆகிறது. புதிதாகச் செய்த வேர் இல்லை. பாரியின் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டில், அற்றைத் திங்களில் தந்தையும் குன்றும் இருந்தன, இற்றைத் திங்களில் இரண்டும் இல்லை. இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்' என்று இயல்பாக எழுதுகிறார்கள். 'இற்றுப்போன கயிறு' நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குவார்கள். அது 'இறு' என்ற வேறு வினை. இதற்கும் அதற்கும் உறவில்லை.

கைபேசிகளில் அதிகம் காண்பது 'புதுப்பிப்பு'. கேட்க எளிதுதான். ஆனால் வீட்டைப் புதுப்பிக்கிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். வெறுமனே பெயின்ட் அடித்தாலும் புதுப்பித்ததுதான். 'மேம்படுத்தல்' அப்கிரேடுக்குப் பொருந்தும். பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது, பஸ் நேர அட்டவணையைச் சரிசெய்வது, இதையெல்லாம் இற்றைப்படுத்தல் என்று சொல்லலாம். பொத்தானைத் தூக்கி வேறு மூலையில் வைப்பது இடமாற்றம். அப்படியே சொல்லிவிடலாம்.

இடம் மாறுவது சின்ன விஷயமா? மொரீஷியஸ் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்குப் பின் இந்தி. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே போய், தமிழ் கீழே இறங்கியது. நோட்டின் மதிப்பு ஒரு சதம்கூடக் குறையவில்லை. ஆனாலும் தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். கண் பழகிய வரிசையில் ஒரு சமூகத்தின் நினைவு இருக்கிறது.

கைப்பழக்கமும் அப்படித்தான். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் திணறினார்கள். அடுத்த ஆண்டே 8.1-இல் அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. பல வருடம் ஒரே இடத்துக்குப் போய்ப் பழகிய கைக்கு, அந்த இடம்தான் பாதி வேலை. வடிவமைப்பாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெரியம்மாவின் செயலியில் 'அப்டேட் உள்ளது' என்று மட்டும் வந்தது. சரி என்று அழுத்திவிட்டார். 'பாதுகாப்பு இற்றைப்படுத்தல், பொத்தான்கள் இடமாற்றம்' என்று இரண்டையும் பிரித்துக் காட்டி, இரண்டாவதற்கு 'வேண்டாம்' என்று ஒரு தேர்வும் கொடுத்திருந்தால் அதைத்தான் தொட்டிருப்பார். இப்போது பில் கட்டும் நாள் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்.