பள்ளிப் பிள்ளை வேலைக்குப் போகலாமா? ஆறு மணி நேரக் கணக்கு

தீபாவளிக்குச் சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் கூட்டம் கூடத் தொடங்கினால், “தம்பி சும்மாத்தானே இருக்கான், கடையில நிக்கட்டுமே” என்ற பேச்சும் தொடங்கிவிடும். தம்பி தொடக்கப்பள்ளியில் படித்தால் நிற்க முடியாது. 13 வயது நிறையாத பிள்ளையைச் சம்பளத்துக்கு வைக்கக்கூடாது. தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டான தொடக்கநிலை 6 மாணவருக்கு வழக்கமாக அந்த ஆண்டில்தான் 12 நிறைகிறது.

குழப்பம் வருவது 13, 14 வயதில். தொடக்கநிலை 6ஐத் திரும்பப் படிக்கும் பிள்ளையும் இதில் வரலாம். மனிதவள அமைச்சின் விதிப்படி தொழிற்கூடம் அல்லாத இடத்தில், அவர்களால் செய்யக்கூடிய இலகுவான வேலை மட்டுமே கொடுக்கலாம். 3 மணி நேரத்துக்கு மேல் வேலை நீண்டால் 30 நிமிட இடைவேளை வேண்டும். இரவு 11 முதல் காலை 6 வரை வேலை கூடாது. நாளொன்றுக்கு 6 மணி நேரம்தான் உச்சவரம்பு.

பலர் கோட்டைவிடுவது அடுத்த வரியை. படிக்கிற பிள்ளை என்றால் பள்ளி நேரமும் அந்த 6 மணி நேரத்தில் அடக்கம். காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடும் பள்ளியிலேயே ஆறு மணி நேரமும் தீர்ந்துபோகும். மாலையில் கல்லாவில் அரை மணி நேரம் உட்காரவைத்தாலும் விதிமீறல்தான். ஆக, பள்ளி இல்லாத நாள்கள்தான் மிச்சம்.

“சொந்தத் தொழில்தானே” என்பதும் எல்லா இடத்திலும் எடுபடாது. குடும்பத்தார் மட்டுமே வேலை செய்யும் தொழிற்கூடத்துக்கு, உதாரணமாக மசாலா அரைக்கும் சிற்றாலைக்கு, அந்தத் தொழிற்கூடத் தடையிலிருந்து விலக்கு உண்டு. வெளியாள் ஒருவர் சேர்ந்தாலும் அது போய்விடும். முதலாளியோடு, தெரிந்தே அனுப்பிய பெற்றோரும் மாட்டுவார்கள்.

வேலைக்காகத் தொடக்கப்பள்ளிப் படிப்பை நிறுத்துவது தனிக் குற்றம். 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டப்படி, இங்கு வசிக்கும், குடிமக்களான, 6 வயதுக்கு மேற்பட்ட, 15 நிறையாத பிள்ளைகளைப் பெற்றோர் தேசியத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் படிக்கவைக்க முன்கூட்டியே விலக்குப் பெற வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பணமுடைதான் காரணம் என்றால் பள்ளி அலுவலகத்தில் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டப் படிவத்தைக் கேளுங்கள். பிள்ளை குடிமகனாக இருக்க வேண்டும். 2025 முதல் குடும்ப மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருந்தால் போதும். பாட்டி, தாத்தா உடன் இருக்கும் பெரிய குடும்பங்கள் மொத்தத் தொகையைப் பார்த்தே பின்வாங்கிவிடுகின்றன. தலைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளி உணவு எல்லாம் இதில் வரும். ஆண்டின் நடுவில் வேலை போனாலும் உடனே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் புதிதாக மனுப்போட வேண்டும்.