வட்டார மேம்பாட்டு அமைப்பின் போர்டில் சேரச் சொல்லிக் கேட்டால்

அமெரிக்க நகரங்களில் வட்டார மேம்பாட்டுக்காக இயங்கும் லாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. பாழடைந்த வீடுகளைச் சீர்செய்து குறைந்த வாடகைக்கு விடுவது, காலி மனைகளில் வீடு கட்டுவது, சிறு வியாபாரிகளுக்குக் கடன் ஏற்பாடு செய்வது போன்றவற்றை இந்த அமைப்புகள் செய்கின்றன. இங்கே குடியேறிய தமிழர்கள் பலருக்கும் இப்போது இவற்றின் நிர்வாகக் குழுவான போர்டில் சேர அழைப்பு வருகிறது. "போர்டில் சேரச் சொல்கிறார்கள், மாதம் ஒரு கூட்டம்தானாம், சேரலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் என்ன பொறுப்பை ஏற்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் நிர்வாக இயக்குநர்தான் அமைப்பின் தலைவராகத் தெரிவார். மேயரைச் சந்திப்பவரும் திறப்பு விழாவில் நடுவில் நிற்பவரும் அவர்தான். சட்டப்படி அவர் போர்டு நியமித்த ஊழியர். அவருடைய சம்பளத்தை முடிவு செய்வதும், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும், தேவைப்பட்டால் அவரை வேலையிலிருந்து நீக்குவதும் போர்டின் பொறுப்பு. அந்த போர்டில் இருப்பவர்களோ பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்: பள்ளி ஆசிரியர், பாதிரியார், வங்கி அதிகாரி, வக்கீல், அதே தெருவில் நெடுங்காலமாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெரியம்மா. அந்தப் பெரியம்மாவின் கைக்குக் கணக்குத் தாள் எப்போது போகிறது, அதைப் படித்துக் கேள்வி கேட்க அவருக்கு நேரம் கிடைக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வட்டாரத்தில் வாழ்பவர்கள் கையில் தலைமை இருக்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 1964-இல் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டமே, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் முடிந்த அளவு பங்கேற்க வேண்டும் என்றது. நியூயார்க்கின் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் பகுதியை 1966-இல் செனட்டர் ராபர்ட் கென்னடி நடந்து பார்த்த பிறகு, 1967-இல் அங்கே மறுசீரமைப்புக் கழகம் உருவானது. முதலில் ஒன்றல்ல, இரண்டு கழகங்களை அமைத்தார்கள். அந்தப் பகுதி மக்களின் பிரதிநிதிகள் ஒன்றில், பெருநிறுவனத் தலைவர்கள் இன்னொன்றில். வேலைத்திட்டம் இந்தப் பக்கம், பணம் திரட்டுவதும் முதலீடும் அந்தப் பக்கம். அதே பகுதியில் வளர்ந்த ஃபிராங்க்ளின் தாமஸ் முதல் கழகத்தைப் பத்தாண்டுகள் நடத்தினார். பிறகு 1979-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் தலைவரானார். இரண்டு கழகங்களும் பின்னாளில் ஒன்றாயின. ஆனால் பணத்தைப் புரிந்தவர்கள் ஒரு பக்கம், தெருவைப் புரிந்தவர்கள் ஒரு பக்கம் என்ற அந்தப் பிரிவினையை இன்றும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பல போர்டுகளில் பார்க்கிறேன்.

பாஸ்டனின் டட்லி தெருவில் இன்னும் நேரடியாக நடந்தது. 1984-இல் தொடங்கிய வட்டார மேம்பாட்டு முயற்சி அது. முதலில் போட்ட திட்டத்தில் குடியிருப்பவர்களுக்குச் சில இடங்களே இருந்தன. பொதுக்கூட்டத்துக்கு வந்த மக்கள், முன்னால் இருப்பவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதன் பிறகு போர்டையே மாற்றி அமைத்தார்கள். கறுப்பினத்தவர், கேப் வெர்டே வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும் சம இடங்கள் என்று வைத்து, வட்டார மக்களே தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். 1988-இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் அந்த அமைப்புக்குக் கொடுத்தது. ஒரு மக்கள் அமைப்பின் கைக்கு அப்படிப்பட்ட அதிகாரம் வருவது மிக அரிது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. மத்திய அரசின் ஹோம் வீட்டுவசதித் திட்டத்தில், சமூக வீட்டுவசதி அமைப்பு என்று தகுதி பெற வேண்டுமானால் போர்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கோ, அத்தகைய பகுதிகளில் வசிப்பவர்களுக்கோ, அப்பகுதி அமைப்புகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கோ போக வேண்டும். அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கணக்கில் அந்த மூன்றில் ஒரு பங்கு சரியாக இருக்கும். ஆனால் கூட்டக் குறிப்பைப் புரட்டினால், வட்டார உறுப்பினர்களின் பெயர் வருகைப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். தீர்மானத்தை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதே இரண்டு பேர். நிதி அறிக்கை கூட்டத்தன்று மாலைதான் மின்னஞ்சலில் போயிருக்கும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவர் அதை எப்போது படிப்பது? இதற்கு அவரைக் குறை சொல்வது அநியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன். தாளைத் தாமதமாக அனுப்புபவர்கள், அறிந்தோ அறியாமலோ, அவரைக் கேள்வி கேட்க விடாமல் செய்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு, சிறிய அமைப்புகள் சரியும் வழி ஒன்றைச் சொல்கிறேன். வெவ்வேறு ஊர்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அரசு மானியங்களில் பெரும்பகுதி, செலவு செய்த பிறகு பில்லைக் காட்டித் திரும்பப் பெறும் வகையைச் சேர்ந்தது. வேலையை முடித்து, சம்பளமும் கொடுத்து, பில் அனுப்பிவிட்டு நகராட்சியின் காசோலைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வங்கியில் இருப்பது, ஓர் அறக்கட்டளை இளைஞர் பயிற்சிக்கென்று கொடுத்த பணம். நிபந்தனையோடு வந்த பணம் அது. "நகராட்சிப் பணம் வந்ததும் திரும்ப வைத்துவிடலாம்" என்று அதிலிருந்து சம்பளம் போகிறது. அடுத்த மாதமும் காசோலை வரவில்லை. அப்புறம் ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டுவது தள்ளிப்போகிறது.

இங்கேதான் பெரிய ஆபத்து. 501(சி)(3) என்ற வரிவிலக்கு இருப்பதால் வரித்துறை தொல்லை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த விலக்கு அமைப்பின் வருமானத்துக்குத்தான். ஊழியரிடம் பிடித்த வருமான வரியும், சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) தொகைகளும் அரசுக்குச் சேர வேண்டியவை. அவற்றைத் தெரிந்தே கட்டாமல் விட்டால், பொறுப்பில் இருந்தவர்களிடமிருந்து தனிப்பட்ட முறையில் முழுத் தொகையையும் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் வசூலிக்கலாம். கௌரவப் பொறுப்பில் மட்டும் இருந்து, அன்றாட நிதி வேலையில் தலையிடாமல், வரி பாக்கியும் உண்மையிலேயே தெரியாமல் இருந்த தன்னார்வலருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. காசோலையில் கையெழுத்திடும் பொருளாளர் அப்படிச் சொல்லித் தப்புவது கடினம்.

இவ்வளவு நடப்பதற்குள், வங்கியில் உள்ள பணத்தில் நம் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும், முதல் மாதமே விஷயம் வெளியே வந்திருக்கும். அந்தக் கேள்விக்குக் கணக்கியல் படிப்பு தேவையில்லை. வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் மாதாமாதம் சமாளிப்பவருக்கு அது இயல்பாகவே வரும். அதைக் கேட்கும் துணிவும் நேரமும் அவருக்குக் கிடைக்கும்படி செய்வது போர்டுத் தலைவரின் வேலை.

நன்றாக நடக்கும் அமைப்புகளில் பார்த்ததைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தாள் போய்ச் சேருகிறது. முதல் பக்கத்தில் நிபந்தனை உள்ள பணம், நிபந்தனை இல்லாத பணம், வர வேண்டிய பாக்கி, சம்பள வரி கட்டிய தேதி ஆகியவை மட்டும் இருக்கின்றன. புதிய உறுப்பினரோடு பொருளாளர் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தை விளக்குகிறார். ஸ்பானிஷ் பேசுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. கூட்டம் மாலையில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. ஆண்டுத் தணிக்கை முடிந்ததும் நிர்வாக இயக்குநரை வெளியே அனுப்பிவிட்டு எங்களோடு போர்டு தனியாகப் பேசுகிறது. நல்ல இயக்குநர்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அமைப்பைத் தொடங்கியவரே இயக்குநராக இருந்து, போர்டு முழுக்க அவருடைய நண்பர்களாக இருக்கும் இடங்களில்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவரப் பாடுபட வேண்டியிருக்கிறது. அங்கே பதவிக்காலத்துக்கு வரம்பு வைப்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

சரி, உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றால் முதலில் அந்த அமைப்பு ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸிடம் தாக்கல் செய்யும் படிவம் 990-ஐ எடுத்துப் பாருங்கள். ஐஆர்எஸ் தளத்திலேயே தேடலாம். அமைப்பிடம் கேட்டாலும் தர வேண்டும். மிகச் சிறிய அமைப்புகள் இதன் சுருக்க வடிவத்தைத் தாக்கல் செய்திருக்கும். முழுப் படிவத்தின் ஆறாம் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ஓட்டுரிமை உள்ள போர்டு உறுப்பினர்களில் அமைப்போடு பணத் தொடர்பு இல்லாத சுயேச்சையானவர்கள் எத்தனை பேர், பொறுப்பாளர்களுக்குள் குடும்ப உறவோ வியாபார உறவோ உண்டா, அமைப்பின் சொத்தை யாராவது பெரிய அளவில் முறைகேடாக வேறு பக்கம் திருப்பினார்களா, தாக்கலுக்கு முன் இந்தப் படிவத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் காட்டினார்களா என்றெல்லாம் அங்கேயே கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். எனவே கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டையும் பாருங்கள்.

வரிச்சலுகை மூலம் வாடகை வீடுகள் கட்டும் அமைப்பாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். 1986-இல் வந்த அந்த வரிச்சலுகைத் திட்டத்தில், சலுகைக்காகப் பணம் போடும் முதலீட்டாளர்களுக்கு அமைப்பு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கும், விதிகளைப் பின்பற்ற வேண்டிய முதல் கட்டமே 15 ஆண்டுகள். இப்போதைய போர்டுக்கு அந்த உத்தரவாதங்களின் பட்டியல் தெரியுமா?

போர்டு உறுப்பினர்களுக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 1997-இன் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் சாதாரணக் கவனக்குறைவுக்குத்தான் துணை நிற்கும். கடும் அலட்சியத்துக்கு நிற்காது. பிறகு கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்புகளையும், சென்ற காலாண்டின் சம்பள வரி கட்டிய ரசீதையும் வாங்கிப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒழுங்காக நடக்கும் அமைப்பு இவற்றை அன்றைக்கே அனுப்பிவைக்கும்.